மறு: காற்றுவில் வண்டியில் ‘கேலிபரேஷன்’ – என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எஃகு வில்லுக்குப் பதில் காற்றின்மேல் நிற்கும் (ஏர் சஸ்பென்ஷன்) வண்டிகளின் உயரத்தைக் ‘கேலிபரேட்’ செய்வதற்கு, தமிழ் வழிகாட்டியில் என்ன சொல் எழுதலாம் என்பதுதான் கேள்வி. இழை நீண்டுவிட்டதால், எனக்கு மறுப்புள்ள இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> ஏர் சஸ்பென்ஷனுக்குக் ‘காற்றுத் தொங்கல்’ போதுமே.

போதாது ஐயா. ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்டார்கள். அந்தப் பெயர் அவர்களிடம் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் வில் பொருத்திய மாட்டுவண்டியை ‘வில் வண்டி’ என்றுதான் அழைத்தோம். எஃகு வில்லின் வேலையை இன்று ரப்பர் உறைக்குள் அடைபட்ட காற்று செய்கிறது. எனவே காற்றுவில். ‘காற்றுப் பை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது விபத்தின்போது ஸ்டீயரிங்கிலிருந்து விரியும் பைக்குப் போய்விட்ட பெயர். ஒரே வண்டியில் இரண்டும் இருக்கும்போது குழப்பம் வேண்டாம். ஆம்னி பஸ் பயணிகள் சொல்லும் ‘ஏர் பஸ்’ பேச்சில் அப்படியே இருக்கட்டும். அதைத் திருத்த நாம் யார்?

> ‘அளவுத்திருத்தம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. ‘திருத்தம்’ என்று படித்தவர் எதையாவது திருத்தப் போவார். காரின் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா? உயர உணரியின் (வண்டி நிற்கும் உயரத்தை உணர்ந்து சொல்லும் சென்சாரின்) இணைப்புத் தண்டைக் கழற்றி நீட்டிப் பொருத்துவார். கார் நிமிரும், ஆனால் காற்றை ஏற்றி இறக்கும் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டி பொய்யான உயரத்தை நம்பிக்கொண்டிருக்கும். செய்ய வேண்டிய வேலையோ வேறு. உணரி எதைக் காட்டுகிறதோ அதைக் காட்டட்டும். அது காட்டும்போது வண்டி உண்மையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை நாம் அளந்து பெட்டிக்குச் சொல்கிறோம். உணரியையோ பெட்டியையோ மாற்றினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும், மறுபடி சொல்ல வேண்டும்.

அளவியல் துறையினரே இதில் கண்டிப்பானவர்கள். பன்னாட்டு அளவியல் அகராதியின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, கேலிபரேஷனைக் கருவியைச் சீர்செய்வதோடும் சரிபார்ப்பதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. தெரிந்த அளவுக்கும் கருவி காட்டும் அளவுக்கும் உள்ள உறவை நிறுவுவதே கேலிபரேஷன். ஆய்வகப் பொதுச்சொல்லாக ‘அளவொப்பு’ என்பதை முன்மொழிகிறேன். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் ‘ராஜகேசரி’ என்னும் இன்னோர் அளவோடு ஒக்கும் என்று பொறித்திருக்கிறார்கள். ஓர் அளவு இன்னோர் அளவோடு ஒக்கும் என்று சொல்லும் வினை நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது.

வண்டிக்கு வருவோம். ‘உயரப் பதிவு’ என்ற சொல்லைத் தோழி ஒருவர் தந்திருந்தார். பாதி வழியை அவர் கடந்துவிட்டார். அவர் எடுத்துக்காட்டிய முதல் தலைமுறை ஆடி ஆல்ரோடுக்கு அது அருமையாகப் பொருந்தும். அந்தக் கார் தரையிலிருந்து 142, 167, 192, 208 மில்லிமீட்டர் என நான்கு நிலைகளில் நிற்கும். ஆனால் அளக்கும்போது தரையிலிருந்து அளப்பதில்லை. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளக்கிறோம். டயரின் காற்றும் தேய்மானமும் அப்போது கணக்கில் நுழையாது. நான்கு மூலைகளின் எண்களையும் மடிக்கணினி வழியாகப் பெட்டியில் ஏற்றினால் வேலை முடிந்தது.

மெர்சிடிஸ் பட்டறைக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே சக்கரத்தைத் தாங்கும் உலோகக் கையின் சாய்வுக் கோணத்தைச் சாய்வுமானியால் அளக்கிறார்கள். உயரம் என்ற சொல் அங்கே தடுமாறும். 1994இல் வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரில் இன்னொரு முறை: அச்சுக்கும் அதற்கு மேலுள்ள முட்டு ரப்பருக்கும் (அச்சு மேலே வந்து மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடையே அளவெடுத்த கட்டைகளை வைத்து, காற்றை வெளியேற்றி, வண்டியைக் கட்டைகளின்மேல் இறக்குகிறார்கள். வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டையே தீர்மானித்துவிடுகிறது. அந்நிலையில் உணரி தரும் எண்ணைப் பெட்டியில் எழுதிவிட்டு அடுத்த கட்டைக்குப் போவார்கள். வீட்டில் செய்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். அளவுநாடாவைப் பிடிக்கும் கை நடுங்கினாலும் கட்டை நடுங்காது.

மூன்றுக்கும் பொதுவானது மட்டம். கொத்தனாரின் ரசமட்டத்திலிருந்து அணையின் நீர்மட்டம் வரை எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆகவே ‘மட்டப் பதிவு’ என்று எழுத நினைத்தேன். ஆனால் வண்டியோடு பதிவு என்ற சொல் சேர்ந்தால் தமிழ்நாட்டில் எவருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான் நினைவுக்கு வரும். ‘மறுபதிவு’ என்றால் இன்னும் மோசம். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியின் தாள்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

என் பரிந்துரை: மட்டம் பதித்தல். தரையில் கல் பதிக்கிறோம், மனத்தில் பதிக்கிறோம், பெட்டியின் நினைவகத்தில் மட்டத்தையும் பதிக்கிறோம். மறு, மீள் எதையும் முன்னொட்டாகச் சேர்க்க வேண்டியதில்லை. ‘மீண்டும்’ என்ற சொல் போதும். சொல் வழிகாட்டியில் நிற்கிறதா என்று பார்க்க, ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“உயர உணரியை மாற்றியபின் மீண்டும் மட்டம் பதிக்கவும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்க்கவும். உள்ளே ஆளோ சுமையோ இருக்கக் கூடாது, கதவுகள் மூடியிருக்கட்டும். வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டி, சக்கரங்களின் இறுக்கம் தளர்ந்தபின் அளக்கவும். காற்றுவில்லை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும். பதித்தபின் கம்ப்ரஸர் ஓடி வண்டி நிலைக்கு வரும்வரை காத்திருந்து, நான்கு மூலைகளையும் மறுபடி அளக்கவும்.”

எங்கும் நாக்கு இடறவில்லை என்று நினைக்கிறேன். பெயர்ச்சொல்லாக ‘மட்டப்பதிப்பு’ வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அது புத்தகத்தின் பதிப்பாகிவிடும். தலைப்பிலும் ‘மட்டம் பதித்தல்’ என்றே இருக்கட்டும்.

முட்டு ரப்பரை மேலே துணிந்து எழுதிவிட்டேன். ‘முட்டுக்கட்டை’ என்று எழுதக் கை வந்தது. ரேஞ்ச் ரோவர் பகுதியில் ஏற்கெனவே அளவுக் கட்டைகள் கிடப்பதால் விலக்கினேன். பட்டறைகளில் இதற்கு வேறு பெயர் புழங்குகிறதென்றால் தெரிவியுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்