மே கடைசி வாரம் அம்மாவுடன் எஸ்டோனியா: எட்டு இரவுகளை எப்படிப் பிரிப்பது?

திருச்சி அகிலா:
வணக்கம். வரும் மே மாதக் கடைசி வாரத்தில் நானும் அம்மாவும் எஸ்டோனியா போகிறோம். அம்மாவுக்கு 67 வயது, பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். நன்றாக நடப்பார், ஆனால் படிக்கட்டு ஏறினால் முட்டி வலிக்கும். எஸ்டோனியாவின் தாலினில் இரண்டு இரவு, லாட்வியாவின் ரிகாவில் இரண்டு, லிதுவேனியாவின் வில்னியஸில் இரண்டு, கடைசியில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இரண்டு என்று போட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவு தூரம் போகிறோம், நான்கு நாட்டையும் பார்த்துவிடலாமே என்று ஓர் ஆசை. சரியாக வருமா? குளிர் எப்படி இருக்கும்?

எமயோகிக்கரை:
அகிலா, நான் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் இரண்டு வருடம் படித்தவன். உங்கள் திட்டத்தைப் பார்த்ததும் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் என் அப்பா அம்மா வந்தபோது நானும் இதையேதான் செய்தேன். தாலினிலிருந்து ரிகாவுக்குப் பஸ்ஸில் நாலரை மணி நேரம், அங்கிருந்து வில்னியஸுக்கு இன்னொரு நாலு மணி நேரம். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகவே நாள் போனது. ஊர் திரும்பிய பிறகு அப்பா பேசியதெல்லாம் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான். டார்ட்டுவில் எமயோகி ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து, இருட்டட்டும், எழுந்து போகலாம் என்று காத்திருந்தார். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, வானம் வெளுத்தேதான் இருந்தது. எதிர்க்கரைப் புதரில் ஒரு பறவை விடாமல் பாடிக்கொண்டிருந்தது. நைட்டிங்கேல் இனம், எஸ்டோனியர்கள் ஓபிக் (ööbik) என்பார்கள், அந்தப் பெயருக்குள்ளேயே இரவு என்ற சொல் இருக்கிறது. எமயோகி என்றால் தாய் ஆறு என்று நான் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதனால் ரிகாவையும் வில்னியஸையும் இந்த முறை விட்டுவிடுங்கள். தாலினில் மூன்று இரவு, சாரேமா தீவில் மூன்று, டார்ட்டுவில் இரண்டு. மே கடைசியில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணிக்கு மேல் ஆகும், விடிகாலை நாலரைக்கு முன்பே திரும்ப வந்துவிடும். அந்த நீண்ட மாலைகள்தான் அந்த மாதத்தின் சொத்து. அதைப் பஸ்ஸுக்குள் கழிக்காதீர்கள்.

தாலின் பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெரு, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம். டூம்பெயா மேட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு, ஒன்றின் பெயர் நீளக் கால், இன்னொன்று குட்டைக் கால். குட்டைக் காலில் படிகள். அம்மாவை நீளக் கால் வழியாகவே கூட்டிப் போங்கள், அது சரிவுப் பாதை. நகர மண்டபச் சதுக்கத்தில் 1422 முதலே பதிவேட்டில் இருக்கும் மருந்துக்கடை இன்றும் நடக்கிறது, எட்டிப் பாருங்கள். பாட்டு டீச்சர் என்கிறீர்கள், அப்படியானால் கடலோரப் பாட்டுத் திடலைத் தவறவிடவே கூடாது. எஸ்டோனியர்களின் முதல் பாட்டுத் திருவிழா 1869-இல் டார்ட்டுவில் நடந்தது. 1988-இல் சோவியத் ஆட்சிக்குள்ளேயே இந்தத் தாலின் திடலில் லட்சக்கணக்கில் கூடிப் பாடினார்கள், 1991-இல் நாடு விடுதலை பெற்றது. காலியான திடல்தான், ஆனால் அந்த வளைந்த மேடை முன்னால் அம்மா நின்று பார்க்கட்டும்.

ஒரு நாள் லாஹெமா தேசியப் பூங்கா. 1971-இல் அமைத்தது, சோவியத் ஒன்றியத்தின் முதல் தேசியப் பூங்கா அதுதான். அங்கே வீரு சதுப்பு நிலத்தின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், ஏற்ற இறக்கம் இல்லை. ஆள் உயரம்கூட இல்லாத பைன் மரங்கள் நிற்கும். கன்று என்று நினைப்பீர்கள், நூறு வயது தாண்டியவையும் அதில் உண்டு. மண்ணில் சத்து இல்லாததால் அப்படியே குறுகி நிற்கின்றன.

குளிர் பற்றி: பகலில் 15, 17 டிகிரி, இரவில் 5, 6 வரை இறங்கும். கடல் காற்றும் சேரும். ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். விடிகாலை வெளிச்சத்துக்குக் கண்ணை மூடும் துணிப்பட்டையும் வேண்டும், எங்கள் அறைத் திரை ஒன்றுக்கும் உதவவில்லை.

பனிமுகில்:
ஹெல்சிங்கியில் இருக்கிறேன். மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஹெல்சிங்கியை முழுதாக வெட்ட வேண்டாம். தாலினிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம்தான், காலையில் வந்து இரவே திரும்பலாம். இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆக உங்களுக்கு எஸ்டோனியா. ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று, உண்ணி. மே மாதத்தில் புல்லிலும் புதரிலும் இருக்கும், மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது. முழுக்கால் பேன்ட் போட்டு, அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அறைக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால், அக்குளில் எல்லாம் தடவிப் பாருங்கள். தடுப்பூசி ஒரே தவணையில் முடியாது, இப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.

திருச்சி அகிலா:
இருவருக்கும் ரொம்ப நன்றி. ரிகா, வில்னியஸ் இரண்டையும் எடுத்துவிட்டேன். சாரேமா எப்படிப் போவது? அம்மாவுக்குச் சாப்பாடு?

எமயோகிக்கரை:
தாலினிலிருந்து சாரேமாவின் முக்கிய ஊரான குரெசாரேவுக்கு நேர் பஸ், சுமார் நாலு மணி நேரம். விர்ட்சு துறைமுகத்தில் பஸ்ஸே படகில் ஏறிக்கொள்ளும், அரை மணிக்குள் முஹு தீவு, அப்புறம் கடல் நடுவே போட்ட சாலை வழியாகச் சாரேமா. தீவில் காலி (Kaali) என்ற ஊரில் விண்கல் விழுந்த பள்ளம் இருக்கிறது, 110 மீட்டர் அகலம், நடுவில் குளம். தீவிலிருந்து டார்ட்டு போகும் அன்று மட்டும் முழு நாளும் பயணம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கம்பு ரொட்டி என்று நம்மவர்கள் சொல்வார்கள், உண்மையில் ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி, கொஞ்சம் புளிக்கும். கமா என்று ஒரு மாவு கிடைக்கும்: பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி எல்லாம் வறுத்து அரைத்தது, அப்படியே நம் சத்துமாவு. மோர் போன்ற கெஃபிரில் கரைத்துக் குடிக்கலாம், அம்மாவுக்குப் பிடிக்கும். சூப்பில் மட்டும் எலும்புச் சாறு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். "இல்மா லிஹாதா" என்றால் இறைச்சி இல்லாமல். மீன் இல்லாமல் என்றும் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் மீனை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

திருச்சி அகிலா:
அம்மாவிடம் ஆற்றங்கரைக் கதையைப் படித்துக் காட்டினேன். அந்த பெஞ்சு எங்கே என்று கேட்கச் சொன்னார்.

எமயோகிக்கரை:
டார்ட்டு நகர மண்டபச் சதுக்கத்திலிருந்து நேரே ஆற்றுக்கு நடந்தால் வளைவான நடைபாலம் வரும். அதன் பக்கத்தில்தான், ஆற்றைப் பார்த்தபடி. பத்து மணிக்கு மேல் போங்கள். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.