ஆயுட்சுமை, வடுச்சுமை: நேர்நகர்வுத் தாங்கிக்கு இரு சொற்கள்

வணக்கம்.

எந்திரப் பாகம் ஒன்று நேர்கோட்டில் நகரத் துணைநிற்கும் லீனியர் பேரிங்கிற்குத் தமிழில் ‘நேரியல் தாங்கி’ எனலாம் என்று ஒரு பரிந்துரை வந்துள்ளது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நேரியல் என்பது ‘நேரியல் சமன்பாடு’ என்பதுபோல் கணிதத்தில் ஊன்றிவிட்ட சொல். இங்கோ பேச்சு, நேர்கோட்டில் நகரும் பாகத்தைத் தாங்குவது பற்றியது. ‘நேர்நகர்வுத் தாங்கி’ போதும். தாங்கியில் தளர்வு இல்லாதிருக்க முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அழுத்தமான பிரீலோடுக்கு ‘முன்சுமை’ பொருந்துகிறது.

இவற்றைவிடக் கவனம் வேண்டுவன, தாங்கியைத் தேர்ந்தெடுக்க உற்பத்தியாளரின் அட்டவணையில் நாம் தேடும் இரண்டு எண்களின் பெயர்கள். டைனமிக் லோடு ரேட்டிங், ஸ்டாட்டிக் லோடு ரேட்டிங் ஆகியவற்றை ‘இயங்குசுமை’, ‘நிலைச்சுமை’ என்று பெயர்த்தால், முன்னது அதிர்ச்சிச் சுமையையும் பின்னது அசையாது நிற்கையில் ஏறும் சுமையை மட்டும் குறிப்பதாகவே படிப்பவர் கொள்வார்.

உண்மையில் முன்னது ஆயுளைக் கணிக்கும் எண். குண்டுவகைத் தாங்கியில் அதைத் தாங்கியின் மீது விழும் சுமையால் வகுத்து, ஈவை மும்மடியாக்கி, 50 கிலோமீட்டரால் பெருக்கினால் எதிர்பார்க்கும் ஓட்டத்தூரம் கிடைக்கிறது. எண் 20 கிலோநியூட்டன், சுமை 5 கிலோநியூட்டன் எனில் 3,200 கிலோமீட்டர். அதாவது, ஒரே வகைத் தாங்கிகளில் 90 விழுக்காடு, உலோகச் சோர்வால் பரப்பு உரியாமல் இத்தூரத்தைக் கடக்கும். (100 கிலோமீட்டர் அடிப்படையில் எண் தரும் உற்பத்தியாளர்களும் உண்டு, ஒப்பிடுமுன் அவ்வெண்ணை 1.26 ஆல் பெருக்க வேண்டும்.) ஆகவே இதனை ‘ஆயுட்சுமை’ என்கிறேன்.

பின்னதோ, குண்டும் அது உருளும் தடமும் சேர்ந்து குண்டின் விட்டத்தில் 10,000-இல் ஒரு பங்கு நிரந்தரமாக அமுங்கிவிடும் சுமை. தாங்கியின் நகரும் பாகமான வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மோதல் நேர்ந்தாலும் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான். பலத்த மோதலுக்கு உள்ளான ரெயில் (வண்டி நகரும் வழித்தண்டு) ஒன்றை எண்ணெய் போகத் துடைத்துப் பார்த்தபோது, குண்டுக்குக் குண்டு உள்ள அதே இடைவெளியில் தடத்தில் சிறு பள்ளங்கள் வரிசையாக இருந்தன. வண்டியைக் கையால் மெல்லத் தள்ளியபோது ஒவ்வொரு பள்ளத்திலும் அது தயங்கி ஏறியதை உள்ளங்கை உணர்ந்தது. அதனால்தான் ‘வடுச்சுமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஆயுட்சுமை என்றால் ஆயுள் முழுதும் சுமக்கத் தகுந்த சுமை எனச் சிலர் கொள்ளக்கூடும்; ஆதலால் அட்டவணைகளில் ‘ஆயுட்சுமை எண்’ என்றே முழுமையாக எழுதலாம்.