வெலிங்டன் தோழரைத் தேடுகிறேன்

1985இல் நீலகிரி வெலிங்டனில், ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் என்னுடன் பயிற்சி பெற்றவர். 1987இல் இந்திய அமைதிப் படையில் யாழ்ப்பாணம் போனபோதும் ஒரே பிளட்டூன் (சிறு படைப்பிரிவு). 1990இல் திரும்பியதும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம். 1994 பொங்கல் வாழ்த்துதான் அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதம்.

போன மாதம் கோவில்பட்டி அருகே அவர் ஊருக்கே போய் வந்தேன். வீடு கைமாறிவிட்டது. குடும்பம் திருப்பூர் பக்கம் போனதாக டீக்கடையில் சொன்னார்கள், அவ்வளவுதான். பழைய தோழர்கள் மூவரைக் கேட்டாயிற்று. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் படை எண் கேட்கிறார்கள். என் எண் தூக்கத்திலும் வரும். அவருடையதற்கு நான் எங்கே போவேன்?

இடது புருவத்தில் தழும்பு. விடுப்பு முடிந்து வந்தால் டிரங்குப் பெட்டியில் துணியைவிடக் கடலைமிட்டாய்தான் அதிகம் இருக்கும். பெயரைத் தனிச்செய்தியில் தருகிறேன்.

படை எண் இல்லாமல், பெயரையும் பயிற்சி ஆண்டையும் மட்டும் வைத்து ரெஜிமென்ட் ஆவணப் பிரிவில் விசாரிக்க வழி உண்டா?