சீஸ் கடை சாண்ட்விச்சில் எண்ணெய் பிரிந்தது: குறை எங்கே?

கேள்வி (வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து):

வணக்கம். காட்பாடி காந்திநகர்ப் பக்கம் புதிதாக ஒரு சிறிய சீஸ் கடை திறந்திருக்கிறார்கள். நான்கு பேர் உட்காரத்தான் இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் வகைவகையாக அடுக்கி வைத்து, கேட்டால் சிறு துண்டு வெட்டிச் சுவைக்கவும் தருகிறார்கள். சென்ற ஞாயிறன்று, முற்றிய செடார் சீஸும் வதக்கிய வெங்காயமும் வைத்த சாண்ட்விச் ஒன்றை 280 ரூபாய்க்குப் பார்சல் வாங்கினேன். பாலாற்றுப் பாலத்தையும் கிரீன் சர்க்கிள் நெரிசலையும் கடந்து வீடு சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிரித்தபோது ரொட்டியின் அடிப்பக்கம் நமுத்திருந்தது, காகிதமெல்லாம் எண்ணெய், சீஸோ பீட்சாவில் உள்ளதுபோல் நூலாக இழுபடாமல் உதிர்ந்தது. அதன் வாடை என் மாமியாரைக் கூடத்திலிருந்தே எழுப்பி அனுப்பிவிட்டது. ஆயினும் சுவை நாக்கில் நெடுநேரம் நின்றது என்பதை மறைப்பதற்கில்லை. பண்டம் கெட்டுவிட்டதா, இந்த வகையே இப்படித்தானா? மேலும், நாங்கள் சைவம். சீஸ் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னதிலிருந்து மனம் உறுத்துகிறது.

மறுமொழி 1 (பால் பண்ணைத் தொழிலில் இருந்தவர்):

ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. சீஸ் மாதக்கணக்கில் முற்ற முற்ற, அதிலுள்ள புரதப் பின்னல் சிறிது சிறிதாக அறுபடுகிறது. மணமும் காரச்சுவையும் அதனால்தான் கூடுகின்றன, ஆனால் அதே பின்னல்தான் கொழுப்பைப் பிடித்து வைத்திருப்பதும் என்பதால், சூடு அதிகமானால் முற்றிய செடார் எண்ணெயைக் கக்கிவிடும். பீட்சாவில் இடும் மொசரெல்லா சீஸ் இழுபடுவதற்குக் காரணம், அதன் தயிர்க்கட்டியை வெந்நீரில் இட்டு மாவு பிசைவதுபோல் இழுத்துச் செய்வதுதான். நம் வீடுகளில் பழகிய வில்லைச் சீஸில் எண்ணெய் பிரியாததற்கு அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் காரணம்; 1911-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய முறை அது. எனவே சாண்ட்விச்சைச் சிறுதீயில் மூடி வாட்டச் சொல்லுங்கள், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். வேலூர் மே மாத வெயிலில் முக்கால் மணி நேரப் பயணத்தை எந்த ரொட்டியும் தாங்காது.

சைவம் பற்றி: நீங்கள் கேள்விப்பட்ட பொருள் ரென்னெட், அதாவது பாலைத் திரளச் செய்யும் நொதி. இந்தியாவில் செய்யும் சீஸில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து பெற்ற ரென்னெட்டையே சேர்க்கிறார்கள். உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இத்தாலியப் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ சீஸ் எப்போதும் கன்றின் ரென்னெட்டில் செய்யப்படுவது. அதை நீங்கள் தவிர்ப்பதே நல்லது.

மறுமொழி 2 (ஆற்காட்டிலிருந்து):

விளக்கமெல்லாம் சரி. 280 ரூபாய்க்கு இரண்டு பேர் வயிறாரப் பிரியாணி சாப்பிடலாமே?

மறுமொழி 1-ஐ எழுதியவர்:

ஒரு கிலோ செடாருக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பசும்பால் வேண்டும். அதன்மேல் பல மாதம் குளிர் அறையில் வைத்துக் காக்கும் செலவு. இருந்தாலும், ரொட்டி சுமாராக இருந்தால் அந்த விலை அநியாயம் என்பதில் உங்கள் பக்கம்தான் நானும்.

மறுமொழி 3 (அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து):

பிரியாணி என்றதும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் நினைவுக்கு வந்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலுரித்து, பூண்டும் உப்பும் சேர்த்து மசித்து, முற்றாத கௌடா சீஸுடன் ரொட்டிக்குள் வைத்து வாட்டிப் பார்த்தேன். கௌடா இளகிக் கத்தரிக்காயோடு ஒட்டிக்கொள்கிறது. செடாரை வைத்தால் அதன் புளிப்பு கத்தரிக்காயை அமுக்கிவிடுகிறது. சீஸை அரை மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். சில்லென்று இருந்தால் மணம் எழாது.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மாமியாரையும் அழைத்துக்கொண்டு சென்றேன். கேட்டவுடன் கடைக்காரர் உறையை எடுத்துப் பச்சைப் புள்ளியைக் காட்டினார். முற்றாத கௌடா வைத்துச் சிறுதீயில் வாட்டச் சொன்னோம்; எண்ணெய் பிரியவில்லை, ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்று இருந்தது, மாமியார் பாதியை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு 100 கிராம் செடாரும் வாங்கினேன். அதைப் பாலுக்கு அருகில் வைக்கக் கூடாது என்ற மாமியாரின் உத்தரவின்படி, இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.