கொம்பியூட்டர் எழுத்தும் என் வெள்ளெழுத்தும்

உவர்மலைக்காரி:

திருகோணமலை டவுனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பாஸ்போர்ட் அளவுப் படம், கடிதம், விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுப்பது, இவைதான் வேலை. வயது 46. வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சொன்ன பிறகும் நான் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் கொஞ்சக் காலம் ஓட்டினேன். கடைக்குள் இருந்து பார்த்தால் வீதிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மானின் உடம்பில் உள்ள புள்ளியெல்லாம் தெரியும். திரையில் மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி தெரியாது.

கடைசியில் அந்தப் புள்ளிதான் என்னை மாட்டிவிட்டது. ஒரு டீச்சரின் இடமாற்ற விண்ணப்பம், வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், அரைப்புள்ளி விசையைத் தனியாகத் தட்டினால்தான் மெய்க்குப் புள்ளி விழும். நான் தட்டவில்லை. 'கல்வி'யில் புள்ளி விழாவிட்டால் அந்தச் சொல் எங்கே போய் நிற்கும் என்று இங்கே எழுதத் தேவையில்லை. டீச்சர் வாசித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதில் நான் கையெழுத்து வைத்தால் இடமாற்றம் என்ன, வேலையே போயிடும்" என்று சிரித்தார். நல்ல மனுஷி, வேறு யாராவது என்றால் கடையில் சத்தம் போட்டிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பழைய 15 அங்குல மொனிட்டரும் செத்தது. சரி, பெரிசாக ஒன்று வாங்கினால் பிரச்சினை தீரும் என்று 21.5 அங்குலத்தில் வாங்கினேன். போட்டுப் பார்த்தால் எழுத்து முந்தியதைவிடச் சிறிசு! காசைக் கொடுத்துக் கண்ணைக் கெடுத்த கதை. பூட்ட வந்த தம்பியிடம் சொன்னேன். அவர் இரண்டு கிளிக்கில் ரெசொலூஷனை, அதாவது திரைப் படத்தை எத்தனை புள்ளியில் வரைவது என்ற கணக்கை, 1024 × 768 ஆக்கிவிட்டு, "அக்கா, இப்ப சரிதானே?" என்று கிளம்பிவிட்டார். எழுத்து பெருத்தது உண்மை. ஆனால் நனைந்த கடதாசியில் மை ஊறினது போல விளிம்பெல்லாம் கலங்கி நின்றது. அது மட்டுமா? அகலத் திரையில் சதுர அளவை இழுத்துவிட்டதால் ஆட்களின் முகமும் அகன்றுவிட்டது. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஐயா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, எனக்கு முகம் இப்படி வீங்கியா கிடக்கு?" என்று பயந்துபோனார். பிரிண்டில் சரியாகத்தான் வந்தது. நம்பவைக்கத்தான் அரை மணித்தியாலம் போனது.

லீவில் வந்த அக்காவின் மகள்தான் விளங்கப்படுத்தினாள். பழைய மொனிட்டரில் 12 அங்குல அகலத்துக்குள் 1024 புள்ளிகள் (எழுத்தின் புள்ளி இல்லை, திரையின் பிக்சல்), அதாவது அங்குலத்துக்கு 85 அளவில். புதியதில் 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் 1920 புள்ளிகள், அங்குலத்துக்கு 102. எழுத்தை வரைய எடுக்கிற புள்ளிகளின் எண்ணிக்கை மாறவில்லை. புள்ளிகள் நெருங்கிவிட்டன, அதனால் எழுத்தும் சுருங்கிவிட்டது. ரெசொலூஷனைக் குறைத்தால் ஏன் கலங்குகிறது? இந்தத் தட்டைத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் இருந்த இடத்தில் இருப்பது, எண்ணிக்கை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 1024 புள்ளிப் படத்தை 1920 புள்ளிக்குள் பரத்தினால் ஒரு புள்ளிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக என்று பங்கு பிரிக்க வேண்டி வரும். அங்கேதான் விளிம்பு கெடுகிறது.

"ரெசொலூஷனை மொனிட்டர் எது கேட்கிறதோ அதிலேயே விடுங்கோ சின்னம்மா" என்று சொல்லி, டெஸ்க்டொப்பின் வெறும் இடத்தில் வலது கிளிக் பண்ணி, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், ஸ்கேல் என்ற இடத்தில் 100 சதவீதத்தை 125 ஆக்கினாள். எழுத்து, ஐகொன், மெனு எல்லாம் சேர்ந்து பெருத்தன, விளிம்பு கத்தி போல இருந்தது. எனக்குக் கண்ணீர் வராத குறை.

கிண்ணியாப் பொடியன்:

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். வாப்பா ரிட்டயர்ட் அதிபர். ஒரு நாள் காலை பதறியடித்துக் கூப்பிட்டார்: "மகன், கொம்பியூட்டருக்கு வைரஸ் புகுந்திட்டு, படமெல்லாம் பலாப்பழம் மாதிரி ஊதிட்டு!" ஓடிப்போய்ப் பார்த்தால் டெஸ்க்டொப் ஐகொன்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவில். முதல் நாள் இரவு கீபோர்ட்டில் பிளேன்டீ ஊற்றுப்பட்டிருக்கிறது. சீனிப் பிசினில் கொன்ட்ரோல் விசை கீழேயே ஒட்டிப்போய்விட்டது. கொன்ட்ரோல் அமுங்கியிருக்க மவுஸ் சில்லை உருட்டினால் ஐகொன் பெருக்கும், மறுபக்கம் உருட்டினால் சிறுக்கும். விசையைக் கழற்றித் துடைத்துவிட்டு, வலது கிளிக்கில் வியூ போய் மீடியம் ஐகொன்ஸ் கொடுத்தேன், முடிந்தது.

ஆனால் வாப்பாவுக்கு அந்தப் பெரிய அளவு பிடித்துவிட்டது. "இதையே விட்டிருக்கலாமே" என்றார். திருப்பி லார்ஜ் ஆக்கிக் கொடுத்தேன். பத்திரிகை வாசிக்கும்போது பிரவுசரிலும் அதே கொன்ட்ரோலும் சில்லும்தான். அளவு கண்டபடி போனால் கொன்ட்ரோலோடு பூச்சியத்தைத் தட்டுகிறார். இப்போது அவர் எனக்குச் சொல்லித் தருகிறார்.

நிலாவெளி வீதி:

125 ஆக்கச் சொன்ன தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடைக் கணக்கு மென்பொருள் மிகப் பழையது. ஸ்கேலைக் கூட்டினதும் மற்றதெல்லாம் தெளிவு, இது மட்டும் மங்கல். மென்பொருளின் ஐகொனில் வலது கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், கொம்பட்டிபிலிட்டி, அதற்குள் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அங்கே சிஸ்டம் என்ஹான்ஸ்ட் என்று மாற்றினதும் ஓரளவு தெளிந்தது. பேராசையில் 175 வரை கூட்டினேன், சேவ் பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. திரும்ப 125.

உவர்மலைக்காரி:

அண்ணா, நல்ல வேளை சொன்னீர்கள், என் பழைய ஸ்கேனர் மென்பொருளும் அப்படித்தான் மங்கிக் கிடந்தது. இன்று மாற்றிவிட்டேன்.

இன்னொன்று எழுத மறந்தேன். ஸ்கேல் தெரியாத காலத்தில் நான் செய்த மடைத்தனம்: வேர்டில் எழுத்தையே 12இல் இருந்து 20 ஆக்கி டைப் பண்ணுவேன், கடைசியில் குறைப்பேன். ஒரு நாள் குறைக்க மறந்தேன். ஒரு பக்கக் கடிதம் மூன்று பக்கமாக வெளியே வந்தது, கடதாசி விற்கிற விலையில்! வேர்டின் கீழ் மூலையில் உள்ள ஸூம் கோட்டை நகர்த்திக் கூட்டினால் போதும், கண்ணுக்கு மட்டும்தான் பெருக்கும், பிரிண்ட் மாறாது. வருடக்கணக்காக அந்தக் கோடு என் கண் முன்னாலேயே கிடந்திருக்கிறது.

சாம்பல்தீவு:

அம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் பார்வை நன்றாகவே குறைந்துவிட்டது. ஸ்கேலை 150 ஆக்கியும் போதவில்லை. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் டெக்ஸ்ட் சைஸ் என்று தனியாக ஒரு கோடு இருக்கிறது, எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை கூட்டும். அதையும் கூட்டினோம். மற்றப்படி மக்னிஃபையர்தான். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியைத் தட்டினால் திறக்கும், மவுஸ் போகிற இடமெல்லாம் பெரிதாகத் தெரியும், விண்டோஸ் விசையோடு எஸ்கேப் தட்டினால் மூடும். முதல் இரண்டு நாள் தலை சுற்றுகிறது என்றார். இப்போது கனடாவில் உள்ள தம்பியின் மின்னஞ்சலைத் தானே வாசிக்கிறார். முன்பு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், சில வரிகளை விழுங்கிவிட்டு வாசிப்பேன். அது இனி நடக்காது.

உவர்மலைக்காரி:

சாம்பல்தீவு சொன்னதை வாசித்ததும்தான் என் கடையில் நடந்ததும் ஞாபகம் வந்தது. எழுத்து பெருத்த பிறகு எனக்கு மட்டுமா தெரிகிறது? வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் இருப்பவரின் கடிதத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். போன கிழமை ஒருவர் காணிப் பிணக்குக் கடிதம் சொல்லச் சொல்ல அடிக்கிறேன், பின்னால் நின்ற மாமி, "தம்பி, அந்த எல்லை வேலி 2 அடி இல்லை, 3 அடி" என்று திருத்துகிறார். பக்கத்து வளவுக்காரியாம். மொனிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.