உள் ஸ்கேலா வெளி ஸ்கேலா? பாகைமானில பசங்கள குழப்புறது யாரு?

கோணக்கிறுக்கன்: பாகைமானில எதிரெதிரா ஓடுற ரெண்டு எண் வரிசை இருக்கு, உள் ஸ்கேல், வெளி ஸ்கேல்னு. ஒரு டீச்சர் வீடியோல சொல்றாங்க, "கோணம் வலது பக்கம் திறந்தா உள் ஸ்கேல், இடது பக்கம் திறந்தா வெளி ஸ்கேல், மனப்பாடம் பண்ணிக்கோங்க"ன்னு. பாத்ததுலேர்ந்து எரிச்சலா இருக்கு. கோணத்தோட முனை மேல இருந்து ரெண்டு கையும், அதாவது ரெண்டு கோடும், கீழ தொங்குற மாதிரி படம் குடுத்தா அந்தப் புள்ள எதை வலதுன்னு எடுத்துக்கும்? எந்தக் கைமேல 0 உக்காருதோ அங்கேர்ந்து எண்ணிட்டுப் போ, முடிஞ்சுது.

தேர்வுத்தாள்: கிளாஸ் நிறைய பசங்கள வச்சுகிட்டு நின்னு பாருங்க, அப்புறம் பேசுங்க. உள்ள வெளியன்னு சொன்னாதான் டக்குனு புடிச்சுக்குவாங்க.

கோணக்கிறுக்கன்: புடிச்சுக்கிட்டுதான் 60க்கு 120ன்னு எழுதிட்டு வர்றாங்களா? எல்லா கம்பெனிக்காரனும் உள் ஸ்கேலை வலதுலேர்ந்துதான் அச்சடிப்பான்னு எழுதிக் குடுத்திருக்கானா? 0லேர்ந்து எண்ணுன்னா எந்த பாகைமானி வந்தாலும் தப்பாது.

மூலைமட்டம்: ரெண்டு பேரும் விடுங்கப்பா. முதல்ல கண்ணால பாத்து 90க்குக் கம்மியான குறுங்கோணமா, 90க்கு மேல போற விரிகோணமான்னு சொல்லச் சொல்லுங்க. குறுங்கோணம்னு சொன்னவன் 120ன்னு எழுதவே மாட்டான்.

கோணக்கிறுக்கன்: 88க்கும் 92க்கும் கண்ணு வித்தியாசம் சொல்லுமா? 0லேர்ந்து எண்ணணும், வேற பேச்சே இல்ல.

ஆறாவதுஅம்மா: எனக்கு ஒரு சந்தேகம். என் பொண்ணு 0லேர்ந்துதான் எண்ணுறா, ஸ்கேலும் சரியாத்தான் பாக்குறா, ஆனாலும் 60 டிகிரிய 55ங்குறா, 120ஐ 125ங்குறா. செங்கோணம் மட்டும் கரெக்டா 90 வருது.

மூலைமட்டம்: பாகைமானியோட கீழ் விளிம்ப கோட்டுமேல வைக்கிறா, அதான். 0 கோடு விளிம்புக்குக் கொஞ்சம் மேல இருக்கும், அந்தக் கோடுதான் கைமேல வரணும், நடுப்புள்ளி முனைமேல உக்காரணும். விளிம்ப வச்சா குறுங்கோணம் குறைஞ்சும் விரிகோணம் கூடியும்தான் வரும். பாத்தீங்களா, 0லேர்ந்து எண்ணியும் தப்பு வருது.

கோணக்கிறுக்கன்: அது வைக்கிற தப்பு சார், எண்ணுற தப்பு இல்ல! ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

தேர்வுத்தாள்: முழு வட்ட பாகைமானி வாங்கிக் குடுத்தா 180க்கு மேல போற பின்வளைகோணம் வரைக்கும் நேரடியா அளக்கலாம், பாதி சண்டை தீரும்.

மூலைமட்டம்: எதுக்கு? மிச்சமிருக்குற சின்னக் கோணத்தை அளந்து 360ல கழிச்சா வந்துட்டுப் போகுது. கழித்தல் தெரியாதவனுக்கா ஜியோமெட்ரி?

தேர்வுத்தாள்: பசங்கள மட்டம் தட்டுறத முதல்ல நிறுத்துங்க. பாகைமானி எண்ணை எட்டாத சின்னக் கைய ரூலர் வச்சு நீட்டிக்கோடான்னா "நீட்டினா கோணம் பெருசாயிடுமே மிஸ்"னு பயப்படுற வயசு அது.

கோணக்கிறுக்கன்: அப்படி பயப்படுற புள்ளைக்குத்தான் நீங்க வலதுன்னா உள்ள, இடதுன்னா வெளியன்னு இன்னொரு பாரத்தை ஏத்துறீங்க. கோணம்ங்கிறது ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு எவ்வளவு திரும்புறோம்ங்கிறதுதான், அந்தத் திருப்பத்தை 0லேர்ந்து விரலால தடவிக் காட்டுங்க, 10, 20, 30ன்னு அவனே வாய்விட்டு எண்ணட்டும், அப்புறம் உள்ளயா வெளியவான்னு கேள்வியே வராது, இதைத்தான் மொதல்லேர்ந்து கத்துறேன்.

தேர்வுத்தாள்: கத்துறீங்க, அது உண்மை. என் பசங்க உள்ள வெளிய பாத்துத்தான் மார்க் வாங்குறாங்க, நான் மாத்துறதா இல்ல.

கோணக்கிறுக்கன்: படத்தைத் தலைகீழா வச்சு ஒரு தடவை அளக்கச் சொல்லுங்க, மார்க்கை அப்புறம் பேசலாம்.

மூலைமட்டம்: அதுக்கும் முன்னாடி குறுங்கோணமா விரிகோணமான்னு கேளுங்க.