நக்கிள்ஸுக்கு எந்த ஜிபிஎஸ், எந்த வரைபடம்?

மழைக்கோட்டு:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். கிழமை நாட்களில் அலுவலகத்தில் கணக்கு, மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்கள் நாலு பேரோடு மலை. இவ்வளவு காலமும் போனை நம்பித்தான் நடந்தோம். போன மாதத்தோடு அந்த நம்பிக்கை போய்விட்டது.

நக்கிள்ஸ் மலையில் ரிவஸ்டனுக்கு அப்பால் காட்டுக்குள் இறங்கியிருந்தோம். காலையில் நல்ல வெயில். பதினொரு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி, பின்னாலேயே மழை. முன்னால் போகிறவனின் பை தெரிகிறது, தலை தெரியவில்லை. போனை எடுத்துப் பாதையைப் பார்க்கலாம் என்றால், கண்ணாடியில் விழுகிற ஒவ்வொரு துளியையும் அது விரல் என்று நினைத்துக்கொள்கிறது. வரைபடம் தானாகவே பெரிதாகிறது, சிறிதாகிறது, ஒரு கட்டத்தில் திருகோணமலைக்குப் போய் நின்றது. ஷேர்ட்டில் துடைக்கலாம் என்றால் ஷேர்ட்டும் ஈரம். இதற்கிடையில் பற்றரி 60 வீதத்திலிருந்து 9 வீதத்துக்கு இறங்கிவிட்டது.

கடைசியில் வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளிக்கோட்டைப் பிடித்துப் போனோம். நாற்பது நிமிடம் நடந்த பிறகு, அது ஏலக்காய் காயவைக்கிற பழைய கொட்டில் ஒன்றின் இடிந்த சுவரடியில் முடிந்தது. அதற்கு அப்பால் பாதை இல்லை, இரத்தம் குடிக்கிற அட்டைதான் இருந்தது. வந்த வழியே திரும்பி, இருட்டிய பிறகுதான் ரோட்டைக் கண்டோம். பஸ் பிந்திவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

இப்போது கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்க யோசிக்கிறேன். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ், ஜிபிஎஸ்மெப் 65 என்று பார்த்து வைத்திருக்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டதற்கு, "காருக்கா, பைக்குக்கா?" என்று திருப்பிக் கேட்டார்கள். எதை வாங்குவது, அதற்குள் எந்த வரைபடத்தைப் போடுவது? பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

பழைய சங்கிலி:

தம்பி, உங்களை அந்தக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனது போன் இல்லை, வரைபடம். அதே வரைபடத்தை எவ்வளவு விலையான கருவிக்குள் போட்டாலும் அதே கொட்டிலுக்குத்தான் போவீர்கள், நனையாமல் போவீர்கள், அவ்வளவுதான். ஆகவே முதலில் வரைபடத்தைக் கதைப்போம்.

நான் நில அளவையில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சேர்ந்த காலத்தில் 66 அடிச் சங்கிலியைக் காட்டுக்குள் இழுத்திருக்கிறேன். பெயர் அதனால் வந்தது.

நீங்கள் பார்த்த புள்ளிக்கோடு, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் யாரோ ஒருவர் போட்டது. நடந்து பார்த்துப் போட்டிருக்கலாம், செய்மதிப் படத்தில் மரங்களுக்கிடையே ஒரு கீறலைக் கண்டு போட்டிருக்கலாம். நக்கிள்ஸ் காட்டுக்குள் ஒரு காலத்தில் ஏலக்காய் செய்தார்கள். தோட்டத்துக்கும் கொட்டிலுக்கும் போட்ட ஒற்றையடிப் பாதைகள் இன்னும் அங்கங்கே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கோடு பொய் இல்லை. ஆனால் அது ஏலக்காய் மூட்டைக்காரனின் வழி, ஊருக்குப் போகிற வழி இல்லை.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற சமவுயரக் கோடுகளையும் முழுதாக நம்ப வேண்டாம். இலவச வரைபடங்களில் வருகிற கோடுகள் பெரும்பாலும் 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் சுற்றி ரேடாரால் அளந்த தரவிலிருந்து எடுத்தவை. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று அந்தப் புள்ளிகளுக்கு நடுவே சும்மா கரைந்துபோகும். அடர்ந்த காட்டில் ரேடார் தொட்டது மரத்தின் தலையைத்தான், நிலத்தை இல்லை. திரையில் மெல்லிய சரிவாகத் தெரிகிற இடத்தில், போய்ப் பார்த்தால் கால் வைக்க இடமிருக்காது.

அதனால் முதல் செலவு கடதாசிக்கு. நாரஹேன்பிட்டி, கிருல வீதியில் நில அளவைத் திணைக்களம் இருக்கிறது. 1800இல் தொடங்கிய திணைக்களம். அங்கே 1:50,000 தாள் கேளுங்கள். முழு இலங்கைக்கும் 92 தாள், உங்களுக்கு ஒன்றோ இரண்டோ போதும். இரண்டு சென்ரிமீட்டர் ஒரு கிலோமீட்டர், மனக்கணக்குக்கும் சுகம். பழைய ஒரு அங்குலம் ஒரு மைல் தாள் எங்காவது கிடைத்தால் அதையும் விடாதீர்கள். இன்று காடு மூடிவிட்ட பாதைகள் அதில் இருக்கும். ஒரு பாதை புதிய தாளில் இல்லாமல் பழைய தாளில் மட்டும் இருந்தால், அது ஏன் இல்லாமல் போனது என்று யோசியுங்கள். உங்கள் கொட்டில் அங்கேதான் இருக்கும்.

இனிக் கருவி. உங்கள் பிரச்சினை மழையில் தொடுதிரை. ஆகவே பட்டன் உள்ளதை வாங்குங்கள், தொடுதிரை உள்ள மொடல்களைத் தொடவே வேண்டாம். 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டிலும் பெருவிரலால் தள்ளுகிற சின்னக் குமிழ் இருக்கிறது. ஈரக் கையோடும் வேலை செய்யும். இரண்டு ஏஏ பற்றரியில் 25 மணித்தியாலம் என்று கம்பனி சொல்கிறது. 32எக்ஸில் கூடுதலாகக் காற்றழுத்த உயரமானியும், நின்ற இடத்தில் திசை காட்டுகிற மின் திசைகாட்டியும் உண்டு. 22எக்ஸில் அவை இல்லை, நடந்தால்தான் திசை தெரியும். பனிக்குள் நின்று "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறவனுக்கு அது பெரிய வித்தியாசம். காசு இருந்தால் 32எக்ஸ். இல்லாவிட்டால் 22எக்ஸும் நல்ல ஊசித் திசைகாட்டி ஒன்றும்.

ஈட்ரெக்ஸ் எஸ்ஈ என்று ஒன்று பார்ப்பீர்கள். பற்றரி நாட்கணக்கில் நிற்கும், ஆனால் கருவிக்குள் வரைபடம் இல்லை. உங்களுக்கு அது சரிவராது. ஜிபிஎஸ்மெப் 65 செய்மதிகளை இரண்டு அலைவரிசையில் கேட்கிறது, அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் புள்ளி குறைவாக அலையும். ஆனால் பற்றரி 16 மணித்தியாலம்தான். மாதம் ஒருமுறை நடக்கிறவருக்கு அந்தக் காசைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

பற்றரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவுப் பற்றரி மத்தியானத்தோடு படுத்துவிடும். திரும்பச் சார்ஜ் செய்கிற ஏஏ நாலு வாங்குங்கள். என்ன வகைப் பற்றரி என்று கருவியின் அமைப்பில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மீதி எவ்வளவு என்பதைப் பிழையாகக் காட்டும்.

தேயிலைப்பாதை:

சங்கிலி ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் அண்ணா, காசைக் கொட்டுவதற்கு முன் போனை ஒழுங்காகப் பாவித்துப் பாருங்கள். நான் ஹட்டன் பக்கம் பிறந்து இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஒஸ்மேண்ட் செயலியில் இலங்கை வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவிடுவேன். மலையடிவாரத்தில் போனை விமான நிலைக்கு மாற்றிவிடுவேன். காட்டுக்குள் சிக்னல் தேடித்தான் பற்றரி சாகிறது, ஜிபிஎஸ்ஸால் அவ்வளவு இல்லை. 60 வீதம் 9 ஆனதற்கு அதுதான் காரணமாக இருக்கும். போன் பொலித்தீன் பைக்குள், பை சட்டைக்குள், பவர்பேங்க் வேறு பையில்.

பேக்கோ பாதை நடக்கிறீர்கள் என்றால் போனே தாராளம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதி, 300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி தோட்ட ரோடும் லயத்தடியும்தான். வழி தவறினால் யாராவது அக்கா கொழுந்துக் கூடையோடு நிற்பார், கேட்டால் சொல்வார், தேத்தண்ணியும் தருவார். நக்கிள்ஸில் அது இல்லை. அங்கே நானும் தனிக் கருவியைத்தான் சொல்வேன். இந்த இடத்தில் மட்டும் ஐயா பக்கம்.

ஒரு சின்ன விஷயம். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த திசைகாட்டி என்னிடம் இருந்தது. இங்கே அதன் ஊசி ஒரு பக்கம் சாய்ந்து அடித்தட்டில் உரசி நிற்கும். லண்டனில் காந்தப்புலம் நிலத்துக்குள் சரிந்து போகிறது. இங்கே காந்த நடுக்கோடு கிட்ட என்பதால் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கிறது. அங்கே சமப்படுத்திய ஊசி இங்கே சமமாக நிற்காது. உலகமெங்கும் பாவிக்கலாம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், வாங்குமுன் மட்டமாகப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள்.

மழைக்கோட்டு:

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று கிருல வீதிக்குப் போய்த் தாளை வாங்கிவிட்டேன். மேசையில் விரித்தால் தங்கச்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள், அது வேறு கதை. நண்பனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கி, நாங்கள் காரை நிறுத்திய இடத்தைத் தாளில் தேடினேன். இரண்டும் பொருந்தவில்லை. ஐயா, தாள் பிழையா, கருவி பிழையா?

பழைய சங்கிலி:

இரண்டும் சரி. இரண்டும் ஒரே பாஷை பேசவில்லை.

அடிப்படை என்றால், ஓர் இடத்தின் எண்ணை எதை வைத்து அளப்பது என்கிற ஏற்பாடு. ஜிபிஎஸ் வாங்கிய நிலையில் டபிள்யூஜிஎஸ்84 என்கிற உலக அடிப்படையில் எண் சொல்கிறது. நம்முடைய தாள் கந்தவள என்கிற உள்ளூர் அடிப்படையில், பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் 1830 என்கிற நீள்கோளத்தை எடுத்து வரைந்தது. எண்ணை அப்படியே தாளில் வைத்தால் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போகும். தாளில் அது நாலு மில்லிமீட்டர். நக்கிள்ஸில் அது முகட்டின் மறுபக்கம்.

தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் என்ன அடிப்படை, என்ன கட்டம் (கிழக்கு, வடக்கு மீட்டர் எண் போட்ட கோடுகள்) என்று இருக்கும், அதை வாசியுங்கள். எண்ணைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். இரண்டு கட்டத்துக்கும் மூலம் பீதுருதலாகல மலைதான். பழைய கட்டத்தில் அந்த மலைக்குக் கிழக்கு 200,000 மீட்டர், வடக்கு 200,000 மீட்டர் என்று எண் கொடுத்தார்கள். 1999இன் புதிய கட்டத்தில் இரண்டும் 500,000. நக்கிள்ஸ் அதற்கு நேர் வடக்கே இருப்பதால், கிழக்கு எண் 200 ஆயிரத்தை ஒட்டி வந்தால் பழையது, 500 ஆயிரத்தை ஒட்டி வந்தால் புதியது. கார்மினின் பட்டியலில் கந்தவள இருக்கிறது. அதைத் தெரிந்தெடுத்து, அகலாங்கு நெட்டாங்கைத் தாளின் ஓரத்தோடு ஒப்பிடுங்கள்.

கவனம். இந்த மாற்றம் கருவி சொல்கிற எண்ணைத்தான் மாற்றும். அதன் சொந்தத் திரையில் புள்ளி எப்போதும் சரியான இடத்தில்தான் நிற்கும். ஆபத்து வேறு இடத்தில். நண்பன் வட்ஸப்பில் அனுப்புகிற எண் உலக அடிப்படையில் வரும். கருவி கந்தவளவில் இருக்கும்போது அதை அப்படியே அடித்தால் 200 மீட்டர் தள்ளித் தேடுவீர்கள். எனக்கு நடந்திருக்கிறது, முகாமைத் தேடி ஓடையின் பிழையான கரையில் ஒரு மணித்தியாலம் நின்றேன். கூட இருந்தவர்கள் மறுகரையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் இப்போது சொகுசான கவலை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2000 மே மாதம் வரை அமெரிக்கா சாதாரண ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. 100 மீட்டர் பிசகு சாதாரணம். ஒரு இரவில் அதை நிறுத்தினார்கள். அடுத்த நாள் என் கையில் இருந்த அதே கருவிக்குப் புதுக் கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது.

மழைக்கோட்டு:

32எக்ஸ் பாவித்தது ஒன்று வாங்கிவிட்டேன். ஓபன்ஸ்ட்ரீட்மெப் கோப்பை மெமரி அட்டையில் கார்மின் என்ற கோப்புறைக்குள் போட்டதும் எடுத்துக்கொண்டது. நேற்று மாலை காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம். வீட்டுக்கு வந்து தடத்தைப் பார்த்தால், நான் ஒரு புடவைக்கடைக்குள் புகுந்து சுவர் வழியாக அடுத்த ஒழுங்கைக்கு வந்ததாகக் காட்டுகிறது. பிறகு கடற்கரைப் பக்கம் ரெயில் பாதையோரம் நடந்தேன். அங்கே கோடு தண்டவாளத்தை விட்டு விலகவே இல்லை.

அடுத்த மாதம் அதே கொட்டிலுக்குப் போகப் போகிறோம். இந்த முறை வேண்டுமென்றே. அது தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தேயிலைப்பாதை:

அட்டைக்குப் பூசச் சித்தாலேப தைலத்தை மறக்க வேண்டாம் அண்ணா. அட்டைக்கு எந்த அடிப்படையும் தேவையில்லை, நேரே வரும்.